பதினோராவது ஆள்

ஒரு ஊர் ஸ்டேஷன் பெயருக்குப் பின்னால் 'ரோடு' என்று ஒரு வால் இருந்தால் உஷாராகிவிட வேண்டும். 'ஸ்டேஷன் இதுதான், ஊர் வேண்டுமென்றால் இந்த ரோட்டோடு போய்த் தேடிக்கொள்ளவும்' என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு தூரம் என்பதை மட்டும் போர்டில் எழுத மாட்டார்கள்.

சேலம் மாவட்டத்தில் மேச்சேரி ரோடு அந்த ஜாதி. ஓமலூரில் பிரிந்து மேட்டூர் அணைக்குப் போகிற கிளைப் பாதையில், ஊரை விட்டுத் தள்ளி, தன்பாட்டுக்கு நிற்கிறது.

ஆபீஸ் வேலையாக மேச்சேரிக்குப் போயிருந்தேன். போனது பஸ்ஸில்தான். பார்க்க வேண்டிய ஆசாமி "நாலு மணிக்கு வாங்க சார்" என்று சொல்லிவிட்டார். மணி ஒன்றரை. பத்ரகாளியம்மன் கோயில் நடை சாத்தியிருந்தது. பரோட்டா சாப்பிட்டாச்சு. தினசரி ரயிலில் போய் வருகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு: புது ஊருக்குப் போனால் ஸ்டேஷனைப் பார்க்காமல் வர முடியாது. ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன்.

பிளாட்பாரத்தில் வேப்பமர நிழல், ஒரு பெஞ்சு, அதில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருத்தர். அவ்வளவுதான் கூட்டம். சற்று நேரத்தில் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகிற நிலக்கரி கூட்ஸ் தடதடவென்று வந்தது. சின்ன வயசுப் பழக்கம், எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியதும் தவறிவிட்டது.

"அம்பத்தெட்டு" என்றார் பெரியவர், கேட்காமலே. "நீங்க நாப்பத்தி மூணுல விட்டுட்டீங்க தம்பி. வாய் அசையறதைப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

சேலம் லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் சீசன் டிக்கெட்காரர். "பேர் கீர் எல்லாம் போட்டுடாதீங்க" என்று கேட்டுக்கொண்டதால் பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம்.

இரண்டு சீசன்காரர்கள் சந்தித்தால் என்ன பேசுவார்கள்? லேட்டு, கூட்டம், கட்டணம். மூன்றாவதற்கு வந்தபோது நான் ஜெர்மனி கதையை எடுத்துவிட்டேன். எங்கள் ஆபீசில் ஒருவர் அங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தவர். டீ டைமில் ஜெர்மனியைத் தவிர வேறு டாபிக் கிடையாது. அவர் சொல்லித் தெரிந்துகொண்டது இது.

1995-ல் அந்த ஊர் ரயில்வே ஒரு வார இறுதி டிக்கெட் விட்டது. விலை 15 மார்க். ஒரே டிக்கெட்டில் அஞ்சு பேர் போகலாம், நாடு முழுக்க, எக்ஸ்பிரஸைத் தவிர்த்து உள்ளூர் ரயில்களில். தனியாக வருகிற ஆட்கள் சும்மா இருப்பார்களா? பிளாட்பாரத்தில் நின்று, "நீங்க எந்தப் பக்கம் சார்? நாங்க மூணு பேர் இருக்கோம், சேர்ந்துக்கறீங்களா?" என்று முன்பின் தெரியாதவர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். சீட்டாட்டத்துக்குக் கை தேடுகிற மாதிரிதான். விலை படிப்படியாக ஏறி, 2019-ல் அந்த டிக்கெட்டையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் அதே மாதிரி கூட்டு டிக்கெட்டுகள் தொடர்கின்றன. இப்போது டிக்கெட்டில் பெயர் எழுதச் சொல்கிறார்கள்.

"நம்ம ஊர்ல அந்த மாதிரி ஒரு குரூப் டிக்கெட் இல்லையே ஐயா!" என்று பெருமூச்சு விட்டேன்.

பெரியவர் சிரித்தார். "அவங்க குடுக்கலைன்னா என்ன? நாங்களே போட்டுக்கிட்டோம்."

அவர் சொன்ன கணக்கு இது. ஆபீஸ் போகிறவர்கள் கொஞ்சம் கவனிக்கவும்.

மாத சீசன் டிக்கெட்டின் விலை, சுமாராகப் பதினைந்து ஒற்றைப் பயணத்தின் கட்டணம். மாசம் 26 நாள் வேலை, போக வர 52 பயணம். அதாவது 37 பயணம் இலவசம். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் விடுகிற விஷயம் அடுத்தது. மூன்று மாத சீசனின் விலை மாத சீசனைப் போல மூன்று மடங்கு இல்லை, 2.7 மடங்கு. மாத சீசன் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு 270. வருஷத்துக்கு 1200 கொடுக்க வேண்டிய இடத்தில் 1080.

"மிச்சம் 120தானே?" என்றேன்.

"ஒருத்தனுக்கு 120. நாங்க பத்துப் பேரு."

சிக்கல் என்னவென்றால் மாசச் சம்பளக்காரனிடம் முதல் தேதி 100 ரூபாய் இருக்கும். மொத்தமாக 270 இருக்காது. இந்த ஒரே காரணத்தால், பணம் குறைவாக உள்ளவன் அதிக விலை கொடுக்கிறான். எனவே ஒரே பெட்டியில் ஏறுகிற பத்துப் பேர் ஒரு தீபாவளி போனஸில் தலைக்கு 270 போட்டு முதல் முறை மூன்று மாத சீசன் எடுத்தார்கள். அப்புறம் வழக்கம்போல மாசம் 100 ரூபாய், கவுண்டரில் அல்ல, ஒரு பிஸ்கட் டின்னில். மூன்றாம் மாசம் ஆளுக்கு 300 சேர்ந்திருக்கும். 270-க்கு அடுத்த சீசன். பாக்கி 30 பொதுக் கணக்கு. டின் பெரியவரிடம். மண்டிக் கணக்குப்பிள்ளை ஆயிற்றே, அஞ்சு பைசா தவறாது.

வருஷக் கடைசியில் டின்னில் 1200 ரூபாய். திருப்பதி போகலாம் என்றது ஒரு கட்சி. ஒகேனக்கல் போய் மீன் குழம்பு சாப்பிடலாம் என்றது இன்னொரு கட்சி. முடிவெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவதாக இருந்தது.

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஓமலூர்ல ஒரு பையனை இறக்கிட்டாங்க தம்பி."

பதினேழு வயசுப் பையன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பழகுகிறான். அப்பா இல்லை. பட்டறையில் வாரக்கூலி சொற்பம். டிக்கெட் இல்லாமல் தினமும் வந்திருக்கிறான், அன்றைக்குச் செக்கிங்கில் அகப்பட்டுவிட்டான். ரயில் கிளம்பும்போது அவன் பிளாட்பாரத்தில் நின்று இவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். எல்லோரும் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் உள்பட.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் திருப்பதியும் பேசவில்லை, மீன் குழம்பும் பேசவில்லை. ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: நம்மில் யாராவது லீவு போடுகிற நாளில் அவர் சீசனைப் பையனிடம் கொடுத்துவிடலாம். செலவே இல்லை.

"நான் முடியாதுன்னுட்டேன். சீசன்ல அடையாள அட்டை நம்பர் இருக்குது, அட்டையில போட்டோ இருக்குது. அவன் இன்னொரு தடவை மாட்டினா நம்மளால மாட்டினதா ஆகும். மிச்சம் புடிக்கறது வேற தம்பி, ஏமாத்தறது வேற."

"நாம என்ன தர்ம சத்திரமா நடத்தறோம்?" என்று இன்னொருவர் எகிறினார். நியாயமான கேள்விதான். அவருக்கு மூன்று பெண்கள்.

அதற்குப் பெரியவர் டின்னைத் திறந்து கணக்கைத்தான் சொன்னார். பத்துப் பேர் மிச்சம் 1200. ஒரு ஆளுக்கு வருஷ சீசன் 1080. யாரும் கைக்காசு ஒன்றும் போட வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து போனால் பதினோராவது ஆள் சும்மா வரலாம். போக 120 மிச்சம். அதில் போண்டா சாப்பிடலாம்.

போண்டா என்றதும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாம்!

மறுநாள் பையனுக்கு போட்டோ எடுத்து, அடையாள அட்டை வாங்கி, சீசனைக் கையில் கொடுத்தார்கள். "என்ன சொன்னான்?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை. ஆனா அன்னிலேர்ந்து எங்க பெட்டியில ஏற மாட்டான். அடுத்த பெட்டி. வெக்கம். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. தலைக்கு மேல பேப்பரைப் பிடிச்சது நாங்கதானே?"

மாசம் 1500 ரூபாய்க்குள் வருமானம் உள்ளவர்களுக்கு 25 ரூபாயில் 'இஸ்ஸத்' சீசன் 2009-ல்தான் வந்தது. இஸ்ஸத் என்றால் மானம், மரியாதை. இந்தப் பிஸ்கட் டின் அதற்கெல்லாம் ரொம்பக் காலம் முந்தியது.

மிச்சம் பிடிக்கத் தொடங்கிய டின், ஒருதரம் போராட்டத்துக்கும் உதவியிருக்கிறது. 2014 ஜூன் 20, வெள்ளிக்கிழமை. ரயில் கட்டணம் 14.2 சதவிகிதம் உயர்வு, 25-ஆம் தேதி முதல் அமல் என்று அறிவிப்பு. அதோடு ஒரு பொடி வைத்திருந்தார்கள்: சீசன் டிக்கெட்டைப் பதினைந்து பயணத்துக்குப் பதில் முப்பது பயணக் கணக்கில் போடுவதாக. 100 ரூபாய் சீசன் 228 ரூபாய் ஆகிவிடும்!

பம்பாய்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 25-ஆம் தேதிக்குள் பழைய விலையிலேயே நீண்ட கால சீசனாக வாங்கிக் குவித்தார்கள். கவுண்டர் வாசல்களில் அனுமார் வால் க்யூ. ஒரு பக்கம் கோஷம், மறியல். மகாராஷ்டிர எம்.பி.க்கள் மந்திரியைப் போய்ப் பார்த்தார்கள். 24-ஆம் தேதியே இறங்கி வந்துவிட்டார்கள். புறநகர் ரயிலில் இரண்டாம் வகுப்புக்கு 80 கிலோமீட்டர் வரை உயர்வு இல்லை. சீசன் பழையபடி பதினைந்து பயணக் கணக்குதான், புறநகருக்கும் சரி, மற்ற ஊர்களுக்கும் சரி.

இந்த 'மற்ற ஊர்களுக்கும்' என்பதில்தான் மேச்சேரி ரோடு இருக்கிறது. 228 ஆகியிருக்க வேண்டியது 114-ஓடு நின்றது. தாதரிலும் தாணாவிலும் யாரோ க்யூவில் நின்றதற்கு இங்கே வேப்பமரத்தடியில் லாபம்.

"நாங்களும் நின்னோம்" என்றார் பெரியவர், விட்டுக்கொடுக்காமல். "திங்கக்கிழமை காலையில டின்னோட. சேலம் ஜங்ஷன் கவுண்டர்ல. அப்ப நாங்க பதினாலு பேர்."

நம் நாட்டில் இது புதுசும் இல்லை. 1953 ஜூலையில் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி டிராமில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு காசு ஏற்றியது. ஊரே கிளம்பிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் ஏற்றியதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஒரு காசு தனி மனிதனுக்கு ஒன்றுமில்லை. எல்லோருமாகச் சேர்ந்து 'முடியாது' என்றால்தான் அது காசு.

நாலு மணி ஆகிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஆட்டு மந்தை போயிற்று. மேச்சேரி ஆடு பிரசித்தம். அதற்காகவே பக்கத்தில் பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெளிர் பழுப்பு நிறம், உசத்தியான தோல். ஒரு விசேஷம், கிடாவுக்குக்கூடக் கொம்பு கிடையாது.

"கொம்பு இல்லைன்னா எப்படிப் பொழைக்குது?" என்றேன்.

"ஒண்ணொண்ணாப் போனா எப்படிப் பொழைக்கும்? கும்பலாத்தானே போகுது!"

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ரயில் நின்றது, சீசனும் நின்றது. திரும்ப ஓடியபோது பாசஞ்சருக்கெல்லாம் எக்ஸ்பிரஸ் கட்டணம் போட்டு, குறைந்தபட்சம் 10 ரூபாய் டிக்கெட் 30 ரூபாய் ஆயிற்று. மறுபடி 10 ஆனது 2024 பிப்ரவரியில். 2025 ஜூலையில் கட்டணம் ஏறியபோதும் சீசனில் கை வைக்கவில்லை. கையை வைத்தால் என்ன ஆகும் என்று 2014-லேயே பார்த்தாயிற்றே!

கிளம்பும்போது கேட்டேன். "அந்தப் பையன் என்ன ஆனான் ஐயா?"

"நாலு வருசத்துல வந்து டின்னுல காசு போட ஆரம்பிச்சுட்டான். இப்ப சொந்தப் பட்டறை. அவன்கிட்ட வேலை பழகற ரெண்டு பசங்களுக்கு அவன்தான் சீசன் எடுத்துக் குடுக்கறான். எங்க பெட்டிக்கும் வந்துட்டான். போண்டாவுக்காக."

நான் மூன்று வருஷமாக மாத சீசன் எடுக்கிறவன். ஒவ்வொரு மாசமும் மொபைலில் தட்டுவேன், 'மூன்று மாதம்' என்பது அதற்குக் கீழேயே இருக்கும், பார்த்ததே இல்லை. விட்ட காசைப் பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெளியில் சொல்லும்படி இல்லை.

மறுநாள் காலை ரயிலில் எங்கள் கோஷ்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆறு பேர் சம்மதம். பிஸ்கட் டின் நான் கொண்டுவருவதாக ஏற்பாடு.

"ஆறு பேருக்கு மிச்சம் கம்மியாச்சே, முழு சீசன் ஒண்ணுக்குத் தேறாதே" என்றார் ஒருவர்.

அப்போதுதான் கதவோரம் பார்த்தேன். தினம் வருகிற பையன்தான். செக்கிங் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் அவன் காற்று வாங்குகிறான் என்றே நினைத்திருந்தேன்.

இன்னும் நாலு பேர் வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறோம்.