இணைந்ததா, இணைத்துக்கொண்டோமா?

தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் போகிறவர்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். வாழை இலை, கறிவேப்பிலை, காப்பிப் பொடி, தொடுத்த பூ எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தக் கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருந்தார் அந்தத் தமிழ்ப் பெரியவர். கிளைவ் தெருக் கம்பெனி ஒன்றில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். அடுத்தவர் சொல்வதை ஒரு சொல் பிசகாமல் எழுதிக் கொடுப்பதே அவருடைய ஆயுள் முழுக்க உத்தியோகம்.

2014 மார்ச்சில் ஒரு நாள் காலை. ரஷ்யா கிரீமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட செய்தியைப் பத்திரிகையில் படித்தவருக்குக் கோபம் வந்தது. பிப்ரவரி 27ம் தேதி அடையாளச் சின்னம் இல்லாத சிப்பாய்கள் வந்து நாடாளுமன்றக் கட்டடத்தைப் பிடித்தார்கள். மார்ச் 16ம் தேதி பொதுவாக்கெடுப்பு. கிட்டத்தட்ட 97 சதவீதம் பேர் 'சரி' என்றதாக அறிவிப்பு.

"துப்பாக்கியோட பட்டாளத்துக்காரன் நிக்கும்போது போடறது ஒரு ஓட்டா?" என்றார்.

கல்லூரியில் சரித்திரம் படிக்கும் பேத்தி நோட்டுப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். "அப்போ சிக்கிம்ல நாம செஞ்சது என்ன தாத்தா?"

"அது வேறம்மா."

"என்ன வேற?"

பெரியவரிடம் சட்டென்று பதில் இல்லை. எழுந்து போய்ப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, 1975ம் வருட டைரியைத் தேடி எடுத்தார். மே 16ம் தேதிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் ஒரே வரி: 'சிக்கிம் இன்று நம் தேசத்துடன் இணைந்தது.'

இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வரி உறுத்தும். 'இணைந்தது' தன்வினை. நதி கடலில் கலந்தது என்பது போல, சிக்கிம் தானாக நடந்து வந்து சேர்ந்துகொண்டதாக அது சொல்கிறது. 'இணைக்கப்பட்டது' என்றால் யாரோ செய்திருக்கிறார்கள் என்று தெரியும். யார் என்பது மறைந்துவிடும். 'இணைத்துக்கொண்டோம்' என்றால் மட்டுமே எழுவாய் வந்து எதிரே நிற்கும். ஒரு விகுதியில் ஒரு தேசத்தின் மனசாட்சி ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நடந்தது என்ன? 1950 அக்டோபரில் சீனப் படைகள் திபெத்துக்குள் நுழைந்து சாம்தோவைப் பிடித்தன. பலத்தைப் பிரயோகிப்பது வருந்தத்தக்கது என்று புதுதில்லி பீகிங்குக்குக் கடிதம் எழுதியது. அதே ஆண்டு டிசம்பர் 5ம் தேதி இந்தியா சிக்கிமுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ராணுவம், வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகியவை இந்தியாவின் கையில். உள்நாட்டு நிர்வாகம் மன்னர் கையில். பிரிட்டிஷார் 1861ல் செய்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான் இது. மன்னருக்கு அங்கே 'சோக்யால்' என்று பெயர். தர்மத்தின்படி ஆள்பவர் என்று பொருள்.

கடைசி சோக்யால் பால்டன் தொண்டுப் நம்கியால் தன் நாட்டுக்குத் தனி அந்தஸ்து வேண்டும் என்று விரும்பினார். அவருடைய அமெரிக்க மனைவி ஹோப் குக் தில்லியின் சந்தேகத்துக்குத் தீனி போட்டார். 1967ல் நாதுலா கணவாயில் இந்திய, சீனப் படைகள் மோதிக்கொண்டன. சிக்கிமுக்குத் தெற்கே, வடகிழக்கை இந்தியாவோடு ஒட்டவைத்திருக்கும் சிலிகுரி நிலப்பகுதி மிகக் குறுகிய இடத்தில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் அகலம். தில்லிக்குப் பயம் இருந்ததில் வியப்பில்லை.

1975 ஏப்ரல் 9ம் தேதி இந்திய ராணுவம் காங்டாக்கில் அரண்மனையைச் சூழ்ந்தது. சில நூறு பேரே கொண்ட சிக்கிம் காவல் படையின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வாசலில் நின்ற காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் சட்டமன்றம் கூடி, மன்னராட்சியை ஒழித்துச் சிக்கிமை இந்தியாவின் ஓர் அங்கமாக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. நான்கே நாளில், ஏப்ரல் 14ம் தேதி, இங்கே தமிழர்கள் சித்திரைப் பிறப்பைக் கொண்டாடும் சமயத்தில், அங்கே வாக்கெடுப்பு. ஆதரவு 59,637. எதிர்ப்பு 1,496. கணக்குப் போட்டால் 97 சதவீதத்துக்கும் மேல்.

இன்னொன்றும் உண்டு. மன்னர் வேண்டாமா என்பது ஒரு கேள்வி. இந்தியாவுடன் சேர வேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒரே பதில் கேட்டார்கள். மன்னர் போக வேண்டும், ஆனால் நாடு இருக்க வேண்டும் என்று நினைத்தவனுக்கு அந்த வாக்குச் சீட்டில் இடமே இல்லை.

பேத்தி கேட்ட கேள்விக்கு இது பாதிப் பதில்தான். 'அது வேற' என்று பெரியவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. சிக்கிமின் மக்கள் தொகையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நேபாளிகள். பூட்டியா, லெப்சா இனத்தார் சிறுபான்மையினர். ஆனால் மன்னர் காலத்துத் தேர்தல் முறையில் இரு தரப்புக்கும் சமமான இடங்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்பதுதான் 1973 கிளர்ச்சியின் கோரிக்கை. அந்தக் கோபத்தை யாரும் தில்லியிலிருந்து மூட்டை கட்டி அனுப்பவில்லை. 1974 தேர்தலில் காஜி லெண்டுப் தோர்ஜியின் சிக்கிம் காங்கிரஸ் 32 இடங்களில் 31ஐப் பிடித்தது. கிரீமியாவில் உலகம் அங்கீகரித்த ஒரு நாட்டின் நிலம் பறிபோனது. சிக்கிமோ தன் பாதுகாப்பை ஏற்கெனவே இன்னொருவரிடம் ஒப்படைத்திருந்தது. இந்த வித்தியாசங்களைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

ஆனால் நியாயமான கோரிக்கை ஒன்று இருந்தது என்பதால் துப்பாக்கி நியாயமாகிவிடாது. மக்கள் கேட்டது சமமான வாக்கு. கிடைத்தது இன்னொரு நாட்டின் குடியுரிமை. 1979ல் நடந்த அடுத்த தேர்தலில், முதல் முதலமைச்சரான காஜியின் கட்சிக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. இணைப்பை எதிர்த்துப் பேசிவந்த நர் பகதூர் பண்டாரி முதல்வரானார். அதற்கு முந்தைய ஆண்டே பிரதமர் மொரார்ஜி தேசாய், இணைத்தது தவறு, ஆனால் இனி மாற்ற முடியாது என்று பேசிச் சர்ச்சையில் மாட்டிக்கொண்டார். சோக்யால் 1982 ஜனவரியில் நியூயார்க்கில் காலமானார்.

இந்தக் கதையில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. சோக்யாலின் வேண்டுகோளின் பேரில் 1971ல் சிக்கிமைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர் இந்த ஊரின் சத்யஜித் ராய். மலை, மழை, சந்தை, மடாலயம், மக்கள் என்று சுமார் ஒரு மணி நேரப் படம். 1975க்குப் பிறகு அது முடக்கப்பட்டது. 1992ல் ராய் மறைந்தபோதும் தடை நீங்கவில்லை. 2010 செப்டம்பரில்தான் மத்திய அரசு தடையை விலக்கியது. அந்த நவம்பரில் கொல்கத்தா திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. உடனே சிக்கிம் நீதிமன்றம் ஒன்றின் தடை உத்தரவு வந்து, அடுத்த காட்சிகள் நின்றன. இம்முறை தகராறு படத்தின் உரிமை பற்றியது.

ராயின் படத்தில் அரசியல் முழக்கம் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் அங்கே தனிக் கொடியோடு ஒரு நாடு இருந்தது என்பதைக் காட்டுகிறது. அவ்வளவுதான் அதன் குற்றம்.

இன்னொருவர், கொல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் சுனந்த தத்தா-ரே. சோக்யாலை நேரில் அறிந்தவர். 1984ல் அவர் எழுதிய 'ஸ்மாஷ் அண்ட் கிராப்' என்ற புத்தகம், இது இணைப்பு அல்ல, பறிப்பு என்று தலைப்பிலேயே சொன்னது. வழக்கில் சிக்கிக் கடைகளிலிருந்து காணாமல் போன அந்தப் புத்தகம் மறுபதிப்பாக வர 2013 ஆயிற்று. அவர் வாதத்தை முழுக்க ஏற்க வேண்டியதில்லை. சோக்யாலின் நண்பர் என்ற பார்வை அதில் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படித்துவிட்டு மறுப்பதற்கும், படிக்கவே கிடைக்காமல் போவதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு நிலத்தை எடுத்துக்கொள்ள ராணுவத்துக்கு ஒரு நாள் போதும். அதை மறக்கவைக்கத்தான் முப்பது, நாற்பது ஆண்டுகள் வேண்டியிருக்கிறது.

1975ல் இங்கே யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடியவர்களுக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. சிக்கிம் 22வது மாநிலமான நாற்பதாவது நாள், ஜூன் 25ம் தேதி, நெருக்கடி நிலை வந்துவிட்டது. அண்டை வீட்டுக் கதவை உடைத்தபோது சும்மா இருந்தவர்களின் சொந்தக் கதவும் அந்தக் கோடையிலேயே தட்டப்பட்டது.

இன்றைய சிக்கிம் வேறு. அரசியல் சட்டத்தின் 371எஃப் பிரிவு அதற்குத் தனிப் பாதுகாப்புத் தருகிறது. சட்டமன்றத்தில் புத்த பிட்சுகளுக்கென்றே ஓரிடம் இருக்கிறது. 2016ல் முழுவதும் இயற்கை விவசாய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பிரிந்து போக வேண்டும் என்ற இயக்கம் எதுவும் அங்கே வலுவாக இல்லை. சீனாவும் இந்தியாவின் அங்கமாக அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. இணைப்பைத் திருப்பிப் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது நடந்த விதத்தை அதன் பெயரால் அழைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அழைக்காவிட்டால், திபெத்தைப் பற்றியும் கிரீமியாவைப் பற்றியும் பேச வாய் திறக்கும்போதெல்லாம் நாக்கு கொஞ்சம் தடுக்கும். 2014 மார்ச் 27ம் தேதி ஐ.நா. பொதுச் சபையில் கிரீமியா பற்றிய தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்கவில்லை. அதற்கு ராஜதந்திரக் காரணங்கள் இருக்கும். லேக் மார்க்கெட் சந்தில் அன்று காலை நிலவிய மௌனத்துக்குக் காரணம் வேறு.

இரண்டு நாள் கழித்துப் பேத்தி தன் கட்டுரையோடு வந்தாள். கிரீமியாவோடு சிக்கிமையும் சேர்த்து எழுதியிருந்தாள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதத் தடுமாறுவாள். அதனால் கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"மெர்ஜர்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன். தமிழ்ல எப்படிச் சொல்றது தாத்தா? இணைந்ததுன்னா?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார்.

"இல்லம்மா. இணைத்துக்கொண்டோம்னு சொல்லு" என்றார். டைரியை வாங்கி, மே 16ம் தேதிப் பக்கத்திலும் அப்படியே திருத்தி, திருத்திய நாளையும் பக்கத்தில் எழுதி வைத்தார்.