பச்சை முத்திரைக்கு ஒரு சியர்ஸ்!

ஸ்பெயினின் வடக்கே, எப்ரோ நதிக்கரையில் லோக்ரோன்யோ என்று ஒரு ஊர். ரியோஹா வைனுக்குத் தலைநகரமே அதுதான். மாலை எட்டு மணி. பர்ஸில் பத்து யூரோவோடு அங்கே ‘கயே லாரெல்’ தெருமுனையில் நீங்க நிக்கறீங்கன்னு வெச்சுக்குவோம். கவலையே படாதீங்க பாஸ்... அது போதும்!

குறுகலான சின்னத் தெருதான். ஆனால், ரெண்டு பக்கமும் வரிசையாக பார்கள். உள்ளூர்க்காரங்க இதுக்கு வெச்சிருக்கிற செல்லப் பேர் ‘யானைகளின் பாதை’. ஸ்பானிஷில் ‘ட்ரோம்பா’ன்னா தும்பிக்கை, பேச்சுவழக்கில் போதைன்னும் அர்த்தம். புரியுதா கதை?

இங்கே யாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து குடிக்கிறதில்லை. ஒரு கடையில் ஒரு கிளாஸ், ஒரு வாய்க் கடி... அடுத்த கடைக்கு நடை. அந்தக் கடிக்குப் பேர் ‘பின்ச்சோ’. சுட்ட காளான்களை அடுக்கி, மேலே ஒரு குட்டி இறாலை வெச்சு, குச்சியால் குத்தி பிரெட் மேல் நிறுத்தித் தருவாங்க பாருங்க... பூண்டு வாசனை தெருவையே இழுக்கும்!

சரி, வைன்? கவுன்ட்டரில் ‘ஊன் ஹோவென்’னு கேளுங்க. ‘இளசு ஒண்ணு’ன்னு அர்த்தம். இருக்கிறதிலேயே மலிவான சிவப்பு வைன் பெரும்பாலும் இதுதான். ‘மலிவுன்னா மட்டமா?’ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கிற முத்திரையைப் பாருங்க. சிவப்புன்னா க்ரியான்ஸா, ரெண்டு வருஷம் காத்திருந்தது, அதில் குறைஞ்சது ஒரு வருஷம் ஓக் மரப் பீப்பாயில். அடர்சிவப்புன்னா ரிசெர்வா, மூணு வருஷம். நீலம்னா கிரான் ரிசெர்வா, அஞ்சு வருஷம். பச்சைக்கு அந்த வயசுக் கணக்கே கிடையாது. 225 லிட்டர் பீப்பாய் வாங்கி, அதை வருஷக்கணக்கா அடைகாக்கிற செலவும் பெரும்பாலும் கிடையாது. ஆக, விலை கூடக் கூட நீங்க காசு கொடுக்கிறது திராட்சைக்கு மட்டுமில்லை... காலத்துக்கும் சேர்த்துத்தான்.

இப்போ கிளாஸை வெள்ளை நாப்கின் மேலே சாய்ச்சுப் பாருங்க. ஓரத்தில் ஊதா நிறம் மின்னும். அது இளமையின் அடையாளம். மூக்கைக் கொண்டுபோங்க: ஸ்ட்ராபெரி, செர்ரி. ஒரு சின்ன மடக்கு... அவசரமா முழுங்காம நாக்கில் உருட்டுங்க. முதலில் பழம், அப்புறம் லேசான புளிப்பு, கடைசியா நாவல்பழம் தின்ன மாதிரி ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் காளானின் எண்ணெயைத் துடைச்சு, அடுத்த கடிக்கு வாயைத் தயார் பண்ணும். பக்கத்துக் கடையில் க்ரியான்ஸா ஒரு கிளாஸ் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்க. வெனிலா வாசனை தூக்கும். அது பீப்பாய் பேசுறது. ஹோவெனில் பேசுறது டெம்ப்ரனியோ திராட்சை மட்டும்தான். மரத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது. பழம் சொத்தைன்னா முதல் மடக்கிலேயே காட்டிக் கொடுத்துடும்!

ஆனா, இந்த மலிவுக்கு இன்னொரு முகமும் இருக்கு. ஐரோப்பாவில் சிவப்பு வைன் குடிக்கிறவங்க குறைஞ்சுட்டே வர்றாங்க. விற்காமல் தேங்கின வைனை வடிச்சு ஆல்கஹாலாக்க 2023-ல் ஸ்பெயின் உள்ளிட்ட நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. அந்த ஆல்கஹால் உணவுக்கோ பானத்துக்கோ போகக் கூடாது, தொழிற்சாலைக்கும் கிருமிநாசினிக்கும்தான். ஒரு வருஷம் முழுக்கக் கொடியோடு மல்லுக்கட்டின விவசாயிக்கு எப்படி இருக்கும், யோசிங்க!

அதனால, ஸ்பெயினில் சட்டப்படி குடிக்க 18 வயசு ஆகியிருந்தா, அந்த ஒரு கிளாஸை மதிச்சு, மெதுவா, ருசிச்சுக் குடிங்க. ரெண்டு கிளாஸ், ரெண்டு பின்ச்சோ... பர்ஸில் மிச்சமும் இருக்கும். நடந்தே ரூமுக்குத் திரும்பிடுங்க.

யானைகளின் பாதையில் மனுஷனா நுழைஞ்சு, மனுஷனாவே வெளியே வர்றதுதான் பாஸ் கெத்து!