காரைக்காலில் கடல்கூட இருக்கிறது, ஸார்!

'இந்த வாரம் காரைக்கால் போறேன்' என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். ரிடையராகப் போகிற அக்கவுன்டன்ட், "ஏழரையா, அஷ்டமமா?" என்று அனுதாபமாக விசாரிப்பார். முப்பது வயசுக்குக் கீழே உள்ள பையன்கள் வேறு ரகம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து, "பாஸ், எனக்கு ஒரு ஃபுல்" என்று ரகசியமாக நோட்டை நீட்டுவார்கள். சனீஸ்வரனுக்கும் சரக்குக்கும் நடுவே காரைக்கால் என்று ஓர் ஊர் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. "சும்மா ஊர் பார்க்கப் போறேன்" என்றேன். "அங்கே பார்க்க என்ன பாஸ் இருக்கு?" என்றான் ஒருத்தன்.

தம்பி, இது உனக்குத்தான்.

முதலில் அந்த பாட்டில் சமாசாரத்தை முடித்துவிடுவோம். காரைக்கால் தமிழ்நாட்டுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறதே தவிர தமிழ்நாடு இல்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. சுமார் 160 சதுர கிலோமீட்டர், ஐந்து எம்.எல்.ஏ.க்கள். தலைநகரமோ 130 கிலோமீட்டர் வடக்கே. வரி வேறு, அதனால் விலையும் வேறு. வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர் என்று இரண்டு பக்கமும் செக்போஸ்ட். அங்கே பையைத் திறக்கச் சொல்வார்கள். வெளியூர் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் கேஸ். வண்டியையே பறிமுதல் செய்யலாம். நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கப் போய் பைக்கைப் பறிகொடுத்துவிட்டு, வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்காருவது புத்திசாலித்தனமா என்று நீங்களே சொல்லுங்கள். (சர்க்கார் உத்தியோகமாக இருந்தால் மெமோ தனி!)

ஆச்சா? இனி ஊருக்குள் போவோம்.

காலையில் இறங்கினால் நேரே பாரதியார் வீதி. அங்கேதான் காரைக்கால் அம்மையார் கோயில். கதை தெரிந்திருக்கும், ஆனால் கல்யாணமானவர்கள் திரும்ப ஒருமுறை கேட்பது நல்லது. பரமதத்தன் என்ற வணிகன் கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு மனைவி புனிதவதி சோற்றோடு ஒரு பழத்தைப் போட்டுவிடுகிறாள். மத்தியானம் சாப்பிட வந்த புருஷன் மிச்சப் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, "அந்த இன்னொண்ணு?" என்கிறான். அவள் உள்ளே போய்க் கடவுளை வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. அது முதல் பழத்தைவிட ருசி! நம்மைப் போன்ற ஆளாக இருந்தால் கையைக் கழுவிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பியிருப்போம். அவன் நோண்டினான். உண்மையைச் சொன்னாள். "அப்போ இன்னொண்ணு வரவழை" என்றான். வந்தது, கையில் வாங்கியதும் மறைந்தது. அவ்வளவுதான், ஆள் நடுங்கிப் போய்க் கப்பல் ஏறிவிட்டான். பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம். பிறந்த பெண்ணுக்கு வைத்த பேர் புனிதவதி! உறவினர்கள் முதல் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது, பெண்டாட்டி குழந்தையோடு அவள் காலில் விழுந்தான்.

அவள் அழவில்லை. 'இவருக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு' என்று உதறிவிட்டுப் பேயுருவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கயிலாய மலையில் கால் வைக்கக் கூடாது என்று தலையால் நடந்து ஏறினாள். சிவபெருமானே 'அம்மையே' என்று கூப்பிட்டார். அறுபத்துமூன்று நாயன்மார்களில் பெண்கள் மூன்றே பேர். மற்றவர்கள் நிற்க, வரிசையில் உட்கார்ந்திருக்கிற உரிமை இந்த அம்மாவுக்கு. தேவாரம் பாடிய மூவருக்கும் முந்தியவர். கம்போடியாவில் பத்தாம் நூற்றாண்டுக் கோயிலான பாந்தே ஸ்ரெய் சிற்பத்தில், ஆடுகிற சிவனுக்குப் பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஓர் உருவம் இருக்கிறது. அது நம் காரைக்கால் அம்மையார்தான் என்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லாத காலத்தில் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். நாம் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து, முதல் சந்தில் திரும்பிவிடுகிறோம்.

ஆனி மாதம் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் வீதி உலா வரும்போது மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழத்தை வீசுகிறார்கள். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் முந்தானையை ஏந்திப் பிடிக்கிறார்கள். கொஞ்சம் தலையைக் காத்துக்கொண்டு நில்லுங்கள். பங்கனபள்ளி கனமான பழம்.

அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடந்தால் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் போர் நினைவுச் சின்னம். 1739-ல் வந்தவர்கள் 1954 வரை இருந்தார்கள். இந்தியா 1947-ல் சுதந்திரம் வாங்கியபோது இங்கே பறந்தது மூவர்ணக் கொடிதான், ஆனால் வேறு மூவர்ணம். 1954 அக்டோபர் 18-ம் தேதி புதுச்சேரிப் பக்கம் கீழூரில் ஓட்டெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கை மாறியது. ஆனால் பேப்பரில் முழுசாகக் கைமாற 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. இரண்டு சர்க்கார் ஃபைல் ஒன்றாக நகர எட்டு வருஷம். எந்த ஹெட்கிளார்க்கும் ஆச்சரியப்பட மாட்டார்.

இதில் ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த லாபத்தைப் பாருங்கள். ஆகஸ்ட் 15 லீவு. மறுநாள் 16-ம் தேதியும் லீவு. நவம்பர் 1 விடுதலை நாள், அதற்கும் லீவு! எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

கைமாறியபோது, விரும்பினவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இந்தப் பக்கத்தில் 'சொல்தா' என்பார்கள். அந்தக் குடும்பங்களுக்கு பாரீஸ் ஏதோ மாயவரம் மாதிரி. ஒரு டீக்கடையில் என் பக்கத்தில் கைலியோடு உட்கார்ந்திருந்த பெரியவர், செல்போனில் பேரனிடம் பிரெஞ்சில் பேசிவிட்டு, கடைக்காரரிடம் திரும்பி, "சக்கரை கம்மியா போடுப்பா, பட்டாளத்துல இருந்தப்ப இருந்த உடம்பா இது" என்றார். ஜூலை 14-ம் தேதி அந்த நினைவுச் சின்னத்துக்குப் பூ வைக்கிற ஊர் இது. போலீஸ்காரர் தலையில் உள்ள சிவப்புத் தொப்பியும் அங்கிருந்து வந்ததுதான்.

திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர். அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சனிக்கிழமை தவிர வேறு நாளில் போனால் கோயிலின் மூலவர் தர்பாரண்யேஸ்வரர் என்பதையும் நிதானமாகப் பார்க்கலாம். சனிக்கிழமை என்றால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க முடியும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன். வறுவல் தட்டில் கோலா மீன் கிடைக்கிற காலமென்றால் விடாதீர்கள். முள்ளுக்குப் பயந்தால் வஞ்சிரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சாயங்காலம் முஸ்லிம் தெருக்கள் பக்கம் 'வாடா' என்று ஒன்று விற்கிறார்கள். மரியாதைக் குறைவு இல்லை, பலகாரத்தின் பேரே அதுதான். அரிசி மாவுக்குள் இறாலும் வெங்காயமும் வைத்து எண்ணெயில் பொரித்தது. மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரியின்போது வந்தால் கண்ணாடி ரதமும் பார்க்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் அரசலாற்றங்கரையோடு கடலைப் பார்க்க நடங்கள். வந்தியத்தேவன் குந்தவையைப் பார்த்து வாயடைத்துப் போனானே, அதே அரிசிலாறுதான். கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வந்து, இங்கே கடலில் முடிகிறது. நாவல் படித்தவர்கள் எல்லோரும் பழையாறையைத் தேடிப் போகிறார்கள், ஆற்றின் கடைசி அத்தியாயத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதே பெரிய பாடு. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு என்று ஒதுக்கிய 7 டி.எம்.சி. முழுக்க இந்தக் காரைக்கால் வயல்களுக்காகத்தான்.

கடற்கரை அகலமானது. கலங்கரை விளக்கம், சுண்டல், காற்று, மணலில் வட்டமாக உட்கார்ந்த குடும்பங்கள். நான் போன அன்றைக்கு நாலு பையன்கள் தள்ளாடிக்கொண்டு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டார்கள். பக்கத்திலிருந்த ஒரு குடும்பம் பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தண்டை போய்விட்டது. பையன்கள் ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம் பக்கம் இறங்கப் பார்த்தபோது, வலையைச் சரி பண்ணிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து போய்க் கூச்சல் போட்டு விரட்டினார். திரும்பி வந்தவர் என்னிடம், "நேத்து முட்டளவு இருந்த எடம் இன்னிக்கி ஆளை முழுங்கும் சார். அடியில மண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. நாங்களே பாத்துதான் எறங்குவோம்" என்றார்.

அவர் சொன்னால் கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தக் கரையில் காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று வரிசையாக உள்ள மீனவக் கிராமங்கள் சுனாமியில் நூற்றுக்கணக்கான பேரைப் பறிகொடுத்தன. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் கடலுக்குப் பாலும் பூவும் போடுகிறார்கள். மறுநாள் அதே கடலில் படகைத் தள்ளுகிறார்கள்.

இன்னொன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினம். கவி காளமேகம் கோபித்துக்கொண்டு மண்மாரி பெய்யப் பாடினார் என்பார்களே, அந்த ஊர். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இங்கே கடற்கரைக்கு வருகிறார். அவர் மனைவிகளில் பத்மினித் தாயார் மீனவத் தலைவன் பெண் என்பது ஐதீகம். ஆகவே இந்தக் குப்பத்துக்காரர்களுக்கு அவர் சாமி மட்டுமல்ல, சொந்த வீட்டு மருமகன். "மாப்பிள்ளே! மாப்பிள்ளே!" என்று கத்திக்கொண்டே தோளில் தூக்கி வருகிறார்கள். அத்தனை பெரிய பெருமாளை இவ்வளவு உரிமையாகக் கூப்பிட்டு நான் வேறெங்கும் கேட்டதில்லை.

காலண்டரில் மாசி மகம் எந்தக் கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை நாளாக இருந்தால் லீவு லெட்டரில் 'மாப்பிள்ளை அழைப்பு' என்று எழுதிக் கொடுங்கள். பொய் இல்லை.