ஒரு டோலோதானே மச்சான்!

உங்க ரூம்லயும் ஒரு டப்பா இருக்கும். பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே நாலஞ்சு மாத்திரை அட்டை, பாதி தீர்ந்த தைலம். எங்க ஃப்ளோரில் அந்த டப்பாவுக்கு நான்தான் இன்சார்ஜ். யாருக்குத் தலைவலின்னாலும் நம்ம கதவைத்தான் தட்டுவாங்க. 'டாக்டர்' என்று பட்டப்பெயரே உண்டு.

போன செமஸ்டர் முடிந்ததும் என் ரூம்மேட் மூணு நாள் விடாமல் குடித்தான். சாப்பாடு கிடையாது. நாலாம் நாள் காலையில் "மண்டை பொளக்குதுடா"ன்னான். டோலோ 650 ரெண்டு கொடுத்தேன். மதியம் ரெண்டு, ராத்திரி ரெண்டு. நடுவில் மூக்கு ஒழுகுதுன்னு சளி மாத்திரை ரெண்டு அவனே போட்டுக்கொண்டான்.

மறுநாள் விடாத வாந்தி. ஆஸ்பத்திரியில் டாக்டர், "தண்ணி அடிப்பியா?" என்றார். "இல்ல சார்." வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். வாந்திக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். வாசல் வரை வந்துவிட்டோம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய், மாத்திரைக் கணக்கோடு எல்லாத்தையும் சொன்னேன்.

அவர் அங்கேயே கூட்டிக் காட்டினார். ஆறு டோலோ 3,900 மி.கி. சளி மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மி.கி. பாராசிட்டமால். மொத்தம் 4,900. நல்ல உடம்புக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000. பாராசிட்டமாலில் ஒரு சின்னப் பங்கு கல்லீரலில் நச்சாக மாறும். அதை முறிப்பது குளுட்டாதயோன். தொடர்ந்து குடித்தால் நச்சு கூடும், பட்டினி கிடந்தால் குளுட்டாதயோன் குறையும். இவன் ரெண்டையும் செய்திருந்தான். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் எகிறியிருந்தன. முறிமருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். தேறிவிட்டான்.

உங்களைப் பயமுறுத்தவில்லை. எப்போதாவது குடிப்பவர் அளவுக்குள் ஒரு பாராசிட்டமால் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் தொடர் குடி, வெறும் வயிறு, மாத்திரை மேல் மாத்திரை என்று சேரும்போதுதான் வினை. சரி, இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடலாமா? அவை மதுவோடு சேர்ந்தால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு வரலாம். டிராமடால் பக்கமே போகாதீங்க, மூச்சே அடங்கிப்போகும்.

இன்னொன்று. அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும்னு காத்திருக்காதீங்க. முதல் நாள் ஆள் நல்லாவே இருப்பான். கல்லீரல் அடிபடுவது பிறகுதான் தெரியும். முறிமருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன்.

டப்பா இப்பவும் என்கிட்டதான் இருக்கு. இப்போ கதவைத் தட்டினால் மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு கேள்வி: "குடிச்சியா? இதுவரைக்கும் எத்தனை போட்ட?" சிலர் முறைக்கிறாங்க. முறைக்கட்டும். அன்னைக்கு நான் தலையாட்டிட்டு அப்படியே வந்திருந்தால், அவன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?