முள் இல்லாத மீன்

கோலா கிளாவாங்கில் கடல் கிடையாது. சுற்றிலும் மலையும் பால்மரமும்தான். எங்கள் தோட்டத்துக்குக் கடல் வந்ததெல்லாம் கருவாடாகவும் நெத்திலியாகவும்தான்.

ஆண்டுக்கொருமுறை பள்ளி விடுமுறையில் தோட்டத்து லோரியில் போர்ட்டிக்சன் போவோம். புக்கிட் தங்கா வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். அம்மா கட்டிய புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் மணலில் உட்கார்ந்து தின்போம். பக்கத்துக் கடையில் திருக்கை மீனுக்குச் சம்பால் தடவி, வாழையிலையில் வைத்துச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் புகை நேராக நம் மூக்குக்குத்தான் வரும்!

1996இல், எட்டு வயதில், அது வேண்டுமென்று அடம் பிடித்தேன். "அது முள்ளு மீனும்மா, தொண்டையில குத்திக்கும்" என்றார் அப்பா. நம்பிவிட்டேன். வானொலியில் வேலை கிடைத்த பிறகும் நான் திருக்கையைத் தொட்டதில்லை.

போன மார்ச்சில் அப்பாவையும் அம்மாவையும் தஞ்சோங் துவானுக்கு அழைத்துப் போனேன். போர்ட்டிக்சனை ஒட்டிய முனைதான். ஆனால் நிலம் மலாக்கா மாநிலத்துடையது. மேலே 1863இல் கட்டிய கலங்கரை விளக்கம். அந்த இடத்தில் போர்த்துக்கீசியர் அதற்கு முன்பே ஒன்று வைத்திருந்தார்கள். சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து தேன்பருந்துகள் வரும் மாதம் அது. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. கீழே காட்டை ஒட்டிய சின்ன வளைகுடாவில் ஆள் அரவமே இல்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் வெகுநேரம் நின்றார்.

மதியம் கடைக்குப் போனோம். நானே திருக்கை சொன்னேன். தொட்டுக்கொள்ளப் புளி, வெங்காயம், மிளகாய், பிளாச்சான் கலந்த ஆயர் ஆசாம். முள்ளுக்குப் பயந்து மெதுவாகப் பிட்டேன். சதை விசிறி போலப் பிரிந்து வந்தது. நடுவில் மென்று விழுங்கக்கூடிய குருத்தெலும்புதான். திருக்கைக்கும் சுறாவுக்கும் எலும்பே கிடையாதாம். கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

"அப்பா, இதுல முள்ளே இல்லையே?"

அப்பா இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. "அன்னிக்குச் சட்டைப் பையில நாலு வெள்ளிதான் இருந்துச்சு. நீங்க மூணு பிள்ளைங்க."

ஒலிவாங்கி முன்னால் மணிக்கணக்கில் பேசுகிறவள் நான். அப்போது ஒரு சொல்லும் வரவில்லை. அம்மாதான், மிச்சச் சம்பாலைக் கட்டித் தரச் சொல்லிக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.