சங்கிலி வீட்டில் இருக்கிறதா?





நியூ ஜெர்சியிலிருந்து, காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலில் இருக்கும் என் பெரியம்மா மகளிடம் போனில் "இந்த வருஷம் எப்படிக்கா?" என்று கேட்டால் அவள் விலைவாசி பேசமாட்டாள், மாமாவின் கூலியையும் சொல்லமாட்டாள். "சங்கிலி வீட்லதான் இருக்குது" என்றால் அது நல்ல வருஷம். "பேங்க்ல வச்சிருக்கோம், ஆடிக்குள்ள திருப்பிடுவோம்" என்றால் சுமாரான வருஷம். "மாத்தி வச்சோம்" என்று குரல் இறங்கினால் அதற்கு மேல் நான் கேட்பதில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற எங்கள் ஊரிலும், பாலத்தைத் தாண்டினால் வரும் பழையசீவரத்திலும், ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தறிக்காரர் வீடுகளிலும் ஒரு குடும்பம் எழுந்திருக்கிறதா விழுந்திருக்கிறதா என்று சொல்ல இதைவிட நேர்மையான கணக்கை நான் கண்டதில்லை.

சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டால் மேடைதோறும் வளர்ச்சி விகிதம் பேசுவார்கள். 2024-25இல் தமிழ்நாட்டுப் பொருளாதாரம் 11.19 விழுக்காடு வளர்ந்தது; பெரிய மாநிலங்களில் அதுதான் முதலிடம். அந்த எண்ணை நான் சந்தேகிக்கவில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் விடியும் முன்பே கிராமத்து முக்குகளில் வந்து நிற்கின்றன. பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறிப் போகிறார்கள். என் சிறுவயதில் இப்படி ஒரு காட்சி கிடையாது. ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏறும் பெண்ணின் அம்மாவுடைய சங்கிலி பேங்கில் இருப்பதும் உண்மைதான். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மாதத்தில் நடக்கின்றன. வளர்ச்சி என்று மேடையில் சொல்பவரும் பொய் சொல்லவில்லை, முடியவில்லை என்று அடுப்படியில் சொல்பவளும் பொய் சொல்லவில்லை.

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்க ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னை உள்ளிட்ட நகரங்களில் வீடு வீடாகக் கேட்கிறது. போன ஆண்டைவிட வேலை, வருமானம், விலை, செலவு எப்படி? அடுத்த ஆண்டு எப்படி இருக்கும்? 100 என்பது நடுக்கோடு. கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதம் இன்றைய நிலைக்கான குறியீடு 48.5க்கு விழுந்தது. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன், 98.5 வரை ஏறியது; அப்போதும் நடுக்கோட்டைத் தொடவில்லை. அதே மாதம், அதே மக்களிடம் அடுத்த ஆண்டைப் பற்றிக் கேட்டபோது 125.2. இன்று கஷ்டம், நாளை சரியாகிவிடும் என்பதுதான் ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் நம் மக்கள் சொல்வது. தேர்தல் வாக்குறுதிகள் எல்லாம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் இடத்தில்தான் கடை போடுகின்றன. அதே மக்களவைத் தேர்தலுக்கு முன் லோக்நீதி என்ற ஆய்வு அமைப்பு நடத்திய ஆய்வில் 62 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்கு முன்பைவிட வேலை கிடைப்பது கடினமாகிவிட்டது என்றார்கள்.

இந்த ஆய்வுகளை மதிக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்க் கணக்கு அவற்றில் முழுதாக விழுவதில்லை. காரணம் பவுன்.

2021 தேர்தல் சமயத்தில் பவுன் 35,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 டிசம்பரில் சென்னையில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. மதிப்பில் முக்கால் பங்கு கடன் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பவுன் சங்கிலிக்கு அன்று ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிடைத்திருக்கும். 2025 டிசம்பரில் அதே சங்கிலிக்கு மூன்றே முக்கால் லட்சம். சங்கிலி வளரவில்லை, கூலி மூன்று மடங்கு ஆகவில்லை, கைக்கு வரும் கடன் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிட்டது. அந்தப் பணத்தில் பையன் காலேஜ் பீஸ் கட்டுகிறான், வீட்டுக்கு மேல்தளம் ஒட்டுகிறார்கள், வண்டி வாங்குகிறார்கள். தெருவில் நடந்துபோகிறவருக்கு ஊரே செழித்திருப்பதாகத் தெரியும். அந்த வீட்டுக்காரர்களுக்கே சில மாதம் அப்படித் தோன்றும். வட்டித் தேதி வரும்போதுதான் தெரியும், வந்தது வருமானம் இல்லை என்று. 2024-25இல் இந்தியா முழுதும் வங்கிகளின் நகைக்கடன் ஏறக்குறைய இரட்டிப்பானது. இதில் கொஞ்சம் தொழிலுக்குப் போயிருக்கும், நல்லதுதான். ஆனால் நகைக்கடன் பெருகுவதைச் செழிப்பின் அடையாளமாக யாராவது மேடையில் காட்டினால் நம்பாதீர்கள்.

2025இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முன்பெல்லாம் வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி வைக்கலாம். பிறகு வங்கிகள் அசலும் வட்டியும் முழுதாகக் கட்டி மீட்டால்தான் மறுபடி வைக்க முடியும் என்றன. ஒரு லட்சத்தை ஒரே நாளில் யார் புரட்டுவார்கள்? வெளியில் வட்டிக்கு விடுபவரிடம் ஒரு நாளைக்கு, இரண்டு நாளைக்கு என்று வாங்கி, காலையில் நகையை மீட்டு, மறுபடி அதே கவுன்டரில் வைத்து, வந்த பணத்தில் அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் போனது என்றாள் அக்கா. அக்கம்பக்கத்தில் சிலரால் அதுவும் முடியவில்லை. "முழுகிடுச்சு" என்றாள். வட்டி கட்ட முடியாமல் ஏலத்துக்குப் போன நகையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட வரைவு விதிகளைத் தமிழ்நாட்டில் பல கட்சிகள் எதிர்த்தன. ஜூனில் வந்த இறுதி விதிகள் இரண்டரை லட்சம் வரையிலான சிறு கடன்களுக்குக் கெடுபிடியைக் குறைத்தன. அது நல்ல முடிவு. அதற்குள் முழுகிய நகைகள் முழுகியவைதான்.

பவுன் ஏறினால் காஞ்சிபுரத்துக்கு இன்னொரு அடி விழுகிறது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. தங்கம் மட்டுமா ஏறியது? வெள்ளி 2025இல் ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருபவர்கள் விலையைக் கேட்டதும் மூன்று எடுக்க நினைத்த இடத்தில் ஒன்று எடுக்கிறார்கள், அல்லது ஜரிகை குறைந்ததைப் பார்க்கிறார்கள். கடையின் விலைச்சீட்டில் புடவை மதிப்பு ஏறியிருக்கும். அதை நெய்தவருக்கு ஏறியதா?

ஒரு தறிக்காரர் வீட்டில் பொருளாதாரம் எங்கே தெரியும் என்றால் ஒரு பாவு, அதாவது தறியில் ஏற்றிய நீளநூல், நெய்து முடிந்து அடுத்த பாவு வரும் இடைவெளியில். கூலி புடவைக் கணக்கு. கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவை என்றால் கூட ஓர் ஆள் உட்கார வேண்டும், அது பெரும்பாலும் மனைவி, அவளுக்குத் தனிக் கூலி கிடையாது. பாவு முடிந்த மறுநாளே முதலாளி வீட்டிலிருந்து அடுத்த பாவு வந்துவிட்டால் வருஷம் ஓடுகிறது. "வெள்ளி விலை நிக்கட்டும், பார்க்கலாம்" என்று பத்து நாள், பதினைந்து நாள் தள்ளிப்போட்டால் தறிக்குழி சும்மா கிடக்கிறது. அந்த நாட்கள் வேலையின்மைப் புள்ளிவிவரத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. அரசாங்கம் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் தருகிறது, அது உதவிதான். ஆனால் பாவு இல்லாத வீட்டில் விளக்கு எரிந்து என்ன நெய்வது? 2001-02இல் நெசவாளர் பகுதிகளில் கஞ்சித் தொட்டி திறந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். அந்த அளவுக்கு இன்று யாரும் போகவில்லை. ரேஷன் அரிசி அதைத் தடுத்து நிற்கிறது. இன்று பட்டினி இல்லை, கடன்தான்.

ஊருக்குப் போகும்போது அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டின் முன் கொஞ்ச நேரம் நிற்பது வழக்கம். வீரராஜேந்திர சோழன் காலத்தது, பதினோராம் நூற்றாண்டு. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, பற்றிச் சொல்வதால் புகழ்பெற்றது. மருந்துப் பட்டியலை எல்லோரும் வியப்பார்கள். என்னை நிறுத்துவது சம்பளப் பட்டியல். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். படுத்திருக்கும் நோயாளிக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. கூலியின் பெரும்பகுதி நெல்லாக இருந்ததால் நெல் விலை ஏறினாலும் வைத்தியர் வீட்டு உலை கொதித்திருக்கும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. நிலமில்லாதவன் பாடு அன்றும் திண்டாட்டம்தான். ஆனால் கூலியைச் சோற்றோடு சேர்த்து அளக்க வேண்டும் என்பது அந்தக் கல்வெட்டை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் காலத்தில், நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக் கூலி 319 ரூபாயிலிருந்து 336 ஆனது 2025-26இல். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் செய்த வேலைக்குப் பணம் மாதக்கணக்கில் வரவில்லை. ஒன்றிய அரசு தர வேண்டியது 4,034 கோடி என்று மாநில அரசு சொன்னது. 17 ரூபாய் உயர்வை விட அந்தத் தாமதம்தான் எங்கள் ஊர்ப் பெண்களை வாரக் கடனுக்குத் தள்ளியது.

தேர்தலும் நகையும் நேருக்கு நேர் சந்தித்ததும் உண்டு. 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், அப்போதைய முதல்வர் பழனிசாமி கூட்டுறவு வங்கிகளில் ஆறு பவுன் வரை வைத்த ஏழைகளின் கடன் தள்ளுபடி என்றார். தி.மு.க. ஐந்து பவுன் என்று வாக்குறுதி தந்தது, வென்றது, நடைமுறைப்படுத்தியது. ஆனால் 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களைச் சலித்தபோது சுமார் 35 லட்சம் தகுதி பெறவில்லை. முறைகேடுகள் இருந்தன, வடிகட்ட வேண்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்த வடிகட்டலில் உண்மையான ஏழைகளும் போனார்கள். அடகுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டுறவு வங்கி நோட்டீஸ் போர்டில் பெயர் தேடியவர்களின் முகம் எந்த ஆய்விலும் வராது.

வயிறும் ஓட்டும் எப்போதும் ஒன்றையொன்று தொட்டே இருந்திருக்கின்றன. 1967இல் அரிசிப் பஞ்சத்துக்கு நடுவே அண்ணா ரூபாய்க்கு மூன்று படி என்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார், காமராஜர் விருதுநகரில் தோற்றார். ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி அரிசிதான், அதுவும் சென்னையிலும் கோவையிலும்தான் வந்தது. ஆனாலும் மலிவு அரிசி என்ற எண்ணம் இந்த மண்ணில் நின்றது. அண்ணா பிறந்த காஞ்சிபுரத்தில்தான் 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகையும் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் என்ன செய்துவிடும் என்று இங்கே சில நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அது கோபமூட்டும். அக்காவுக்கு அது குழு லோன் டியூவில் பாதி. இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் கட்டும் பாதி. பெண்களுக்குப் பஸ்ஸில் காசு வேண்டாம் என்பதால் வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்கு நினைத்த நாளில் போகிறாள். இவற்றைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அந்த வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும்.

அமெரிக்காவிலும் 2024 நவம்பரில் இதே கதை நடந்தது. 2022 ஜூனில் 9.1 விழுக்காடாக இருந்த பணவீக்கம் மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது, வேலை இருக்கிறது என்று ஆட்சியில் இருந்தவர்கள் சொன்னார்கள், அதுவும் சரிதான். ஆனால் நான்கு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு ஏறிய விலைவாசி ஏறிய இடத்திலேயே நின்றது. வேகம் குறைந்ததை வல்லுநர்கள் பார்த்தார்கள். மளிகைப் பில்லை மக்கள் பார்த்தார்கள். வாக்களித்து வெளியே வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் பொருளாதாரம் மோசம் என்றார்கள். எடிசன் நகரத் தமிழ்க் கடைகளில் அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்த கைகளை நான் பார்த்தேன். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே கையைக் கடித்தால் கிரெடிட் கார்டு. நம் ஊரில் கழுத்தில் இருப்பது இறங்குகிறது. கார்டு கடனில் மானம் போவதில்லை, கழுத்து வெறுமையானால் போகிறது. மாட்டுப் பொங்கலன்று பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் பழையசீவரம் வந்து ஆற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு எழுந்தருளும்போது, ஐந்து பெருமாள்கள் கூடும் அந்தக் கூட்டத்தில், வெறும் மஞ்சள் கயிறோடு நிற்க எங்கள் வீட்டுப் பெண்கள் கூசுவார்கள். சிலர் அந்த ஒரு நாளுக்காகக் கவரிங் போட்டுக்கொள்வார்கள்.

ஓட்டு கேட்டு வருகிறவர்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது எங்கள் அக்காக்கள் கேட்க வேண்டியதை இங்கிருந்து எழுதுகிறேன். நம் தாலுகாவின் கூட்டுறவு வங்கிகளில் போன ஆண்டு எத்தனை நகை ஏலத்துக்குப் போனது? மீட்கப்பட்டவை எத்தனை, மாற்றி வைக்கப்பட்டவை எத்தனை? பட்டுக் கூட்டுறவு சங்கங்களில் பாவுக்குப் பாவு எத்தனை நாள் காத்திருப்பு? வாரக் கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025இல் வந்த சட்டத்தின்படி நம் மாவட்டத்தில் எத்தனை பேர்மேல் வழக்கு? பதில் வைத்திருப்பவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் உட்கார வைத்து மோர் கொடுங்கள். பதில் இல்லாதவரிடம் அடுத்த முறை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்