உச்சுக் கொட்டும் வீடு

வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் 'நீயும் தொங்கு, நானும் தொங்கு' என்பார்கள். வௌவால் நம் வீட்டுக்கு விருந்து வந்தால் என்ன செய்வது என்று பெரியவர்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை. என் மனைவி "ஐயோ" என்றாள். அதுதான் வரவேற்புரை.

போன ஐப்பசியில் நடந்தது. மதுரையில் நல்ல மழை விட்டு ஈசல் கிளம்பிய ராத்திரி. ட்யூப் லைட்டைத் தேடி ஈசல் வந்தது, ஈசலைத் தேடி அது வந்தது. ஹாலில் அழகாக எட்டுப் போட்டது. ஆர்.டி.ஓ. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே லைசென்ஸ் கொடுத்திருப்பார்.

"தலைமுடியில மாட்டிக்குமாங்க!" என்று மனைவி துண்டைப் போர்த்திக்கொண்டு கட்டிலுக்குத் தாவினாள். மாட்டிக்கொள்ளுமளவுக்கு முடி இல்லாத நான் துடைப்பத்தை எடுத்தேன். முதல் வீச்சில் காலண்டர் விழுந்தது. இரண்டாவது வீச்சில் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி ஜாடி. மூன்றாவதுக்கு ஓங்கும்போது கரண்ட் போய்விட்டது.

கும்மிருட்டு. அந்த இருட்டில் அப்பாவின் அறையிலிருந்து ஒரு சத்தம். "ச்சு."

இந்த 'ச்சு'வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்குப் பார்வை இல்லை. க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிற வியாதி. வலிக்காது. ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். போன நரம்பு திரும்ப வராது. சீக்கிரம் பார்த்தால் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பிப்ரவரியில் அப்பா சொன்னார், "ஓரமா வர்ற வண்டி தெரிய மாட்டேங்குதுடா." நான் பி.காம். அப்போது ஓர் ஆடிட்டரிடம் வேலை. "மார்ச் முடியட்டும்பா, போவோம்" என்றேன். மார்ச் முடிந்தது. ஏப்ரலில் வேறு வேலை. பிறகு ஆடிட் சீஸன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு லேட்?"

அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் பார்வை முழுசாகப் போன பிறகு வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் உச்சுக் கொட்ட ஆரம்பித்தார். ச்சு. நாலடி. ச்சு. நம் ஊரில் உச்சுக் கொட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று தெரியுமே? நான் சாப்பிடும்போது ச்சு, பேப்பர் படிக்கும்போது ச்சு. எனக்கு அது அத்தனையும் 'மார்ச் முடியட்டும்பா' என்றே கேட்டது. கேட்கத் தைரியமில்லாமல் இரண்டு வருஷம் ஓட்டினேன்.

அன்றைக்கு அந்த ச்சு ஹாலுக்கு வந்தது. "துடைப்பத்தைக் கீழ போடுடா. ஃபேன் சுவிட்சை அணை, கரண்ட் வந்தா அடிபட்டுச் செத்துரும். ஜன்னலை நல்லாத் தொறந்து விடு." நான் சுவிட்சைத் தேடிப் போய் டீப்பாயில் முட்டிக்கொண்டேன். மனைவி கட்டிலிலிருந்து இறங்கி என் மேலேயே முட்டிக்கொண்டாள். அப்பா மட்டும் ச்சு ச்சு என்று நேராக நடந்து போய் ஜன்னலைத் திறந்தார். வௌவாலும் கிளம்பிவிட்டது. அந்த இருட்டில் எதிலும் இடிக்காத ஜீவன்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

"அப்பா, ஏன்பா உச்சுக் கொட்டிட்டே இருக்கீங்க?" இருட்டு என்பதால் கேட்டுவிட்டேன்.

"சுவரு எங்கருக்குன்னு பாக்குறேன்டா."

அதற்குப் பிறகு ஒரு மாசம், பேலன்ஸ் ஷீட் தவிர வேறு எதையும் உருப்படியாகப் படிக்காத நான் வௌவாலைப் படித்தேன்.

1793-ல் இத்தாலியில் ஸ்பல்லன்ஸானி என்று ஒரு பாதிரியார், விஞ்ஞானி. அவருடைய ஆந்தை மெழுகுவர்த்தி அணைந்ததும் தட்டுத் தடுமாறுவதைப் பார்த்தார். வௌவாலோ ஜம்மென்று பறந்தது. வௌவால்களின் பார்வையைப் போக்கி (பாவம்தான்) பாவியா நகரத்துத் தேவாலய மணிக்கூண்டுப் பக்கம் விட்டார். திரும்பப் பிடித்தபோது வயிறு நிறையப் பூச்சி! ஜெனீவாவில் ஜூரின் என்பவர் காதை அடைத்துப் பார்த்தார். வௌவால் கண்டபடி மோதியது. 'காதால் பார்க்கிறது' என்று சொன்னதற்கு ஊரே சிரித்தது. வௌவால் எந்தச் சத்தமும் போடவில்லையே!

போட்டது. நமக்குத்தான் கேட்கவில்லை. நம் காது விநாடிக்கு 20,000 அதிர்வோடு கடையைச் சாத்திவிடும். வௌவாலின் வியாபாரம் பெரும்பாலும் அதற்கு மேலேதான். 1938-ல் ஹார்வர்டில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர், பியர்ஸ் என்ற பேராசிரியரின் கருவி முன்னால் வௌவால் கூண்டைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் அந்தக் கூச்சல் வெளியே வந்தது. கூச்சல் என்றால் சாதாரணக் கூச்சல் இல்லை. சில வகைகள் வாய்க்குப் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் 120 டெசிபலுக்கு மேல் கத்துகின்றன. தன் சத்தத்தில் தானே செவிடாகிவிடாமல் இருக்க, கத்தும்போது காதுக்குள் ஒரு குட்டித் தசை இறுகிக்கொள்கிறது. எதிரொலி வருவதற்குள் தளர்ந்துவிடுகிறது. கிரிஃபினும் நண்பர் கலம்பாஸும் இதையெல்லாம் ஒரு மாநாட்டில் சொன்னபோது ஒரு பெரிய விஞ்ஞானி கலம்பாஸின் தோளைப் பிடித்து உலுக்கினாராம், நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று.

கணக்கு எனக்குப் பிடித்தது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். சுவர் 3.4 மீட்டரில் இருந்தால் போய்த் திரும்ப விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. பூச்சி 34 சென்டிமீட்டரில் இருந்தால் ஐந்நூறில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தைத்தான் அது தூரமாக வரவு வைக்கிறது. கீச்சுக் குரல் எதற்கு? விநாடிக்கு 50,000 அதிர்வென்றால் ஒலி அலையின் நீளம் ஏழு மில்லிமீட்டருக்குள். தடித்த குரலில் கத்தினால் அலை சின்னப் பூச்சியைச் சுற்றிக்கொண்டு போய்விடும், மோதித் திரும்பாது.

சும்மா சுற்றும்போது விநாடிக்குப் பத்துக் குரல் போதும். எதிரொலியில் பூச்சி மாட்டியதும் இருபது, ஐம்பது என்று ஏறி, பிடிக்கிற கடைசி நொடியில் கிட்டத்தட்ட இருநூறு. நம்ம ஆட்டோ மீட்டர்கூட இந்த வேகத்தில் ஏறாது. வால் பக்கத்து ஜவ்வால் வாரி வாயில் போட்டுக்கொள்ளும்.

பூச்சி சும்மா இருக்குமா? சில அந்துப்பூச்சிகளுக்குக் காதுக்கு இரண்டே நரம்பு செல். அதை வைத்து, வௌவால் தூரத்தில் கேட்டால் திரும்பி ஓடும், பக்கத்தில் கேட்டால் சிறகை மடக்கிப் பொத்தென்று விழும். அமெரிக்காவில் ஒரு வகை, தானே டிக்டிக்கென்று சத்தம் போட்டு வௌவாலின் கணக்கையே குழப்புகிறது. 2009-ல் நிரூபித்தார்கள்.

எங்கள் மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. கெர்ஹார்ட் நாய்வைலர் என்ற ஜெர்மானியர் தன் குழுவோடு இங்கே வந்து, எந்த வௌவால் எந்த உயரத்தில் வேட்டையாடுகிறது என்று ஆராய்ந்திருக்கிறார். ஒன்று மரத்துக்கு மேலே, ஒன்று இலைகளுக்கு நடுவில், ஒன்று தரையை ஒட்டி. அந்தத் தரை ஆசாமி பலே ஆள். தவளை, எலியின் சரசரப்பைக் கேட்டே பிடித்துவிடும். கத்தக்கூட வேண்டியதில்லை.

மனுஷனும் இதைச் செய்வானா? 1944-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாலன்பாக் என்பவரின் குழு பார்வையில்லாதவர்களைச் சுவரை நோக்கி நடக்கவிட்டது. முட்டாமல் நின்றார்கள். முகத்தில் ஏதோ உணர்வதாகவே பலர் நினைத்திருந்தார்கள். காதை அடைத்ததும் முட்டினார்கள். 2011-ல் வந்த ஓர் ஆய்வில், நாக்கைச் சொடுக்கி நடந்து பழகிய பார்வையற்ற இரண்டு பேருக்கு எதிரொலி கேட்கும்போது மூளையில் பார்வைக்கான பகுதி வேலை செய்வது தெரிந்தது. 'பாக்குறேன்டா' என்று அப்பா சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். "பாத்ரூம்ல ஒரு மாதிரி கேக்கும், ஹால்ல ஒரு மாதிரி கேக்கும். பழகிருச்சு" என்றார். மார்ச் பற்றி நானாகவே ஆரம்பித்தேன். "அத விடு" என்றார். விட்டாரா, விடவில்லையா, தெரியவில்லை.

போன வாரம் எல்லோரும் தூங்கிய பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, ச்சு ச்சு என்று ஹாலிலிருந்து அடுப்படிக்கு நடந்து பார்த்தேன். ஏழாவது அடியில் முழங்காலில் 'ணங்'.

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அங்க கிரைண்டர் இருக்குடா."